காயல் நாட்டை உருவாக்கியவர்கள்

(பங்கின் பொன்விழா நிறைவுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'ஊரை உயர்த்தும் சமுதாயத் தலைவர்களும் வணிகப் பெருமக்களும்' என்பது. மேடையில் வீற்றிருக்கும் கொடையாளர்களைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொல்லி முடிக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம் என்று ஊகிக்கிறோம். அவர்களுடைய படங்கள் மலரின் முதல் பக்கங்களில் வந்துவிட்டன. கோயில் வாசலில் கல்லிலும் பெயர் பொறித்தாயிற்று. ஆகவே அவர்கள் நம்மை மன்னிப்பார்கள் என்ற துணிவில், இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வடக்கே, வேம்பநாட்டுக் காயலின் கரைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று கேட்பீர்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் நாமும் அவர்களும் ஒரே ஆட்சியின் குடிகள். தெற்கே நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம் என்றால், வடக்கே குட்டநாடு நெற்களஞ்சியம். குட்டநாடு என்பது நம் தமிழுக்குப் புதிய பெயரும் அன்று. பழைய இலக்கண ஆசிரியர்கள் கொடுந்தமிழ் வழங்கிய நாடுகள் பன்னிரண்டு என எண்ணியபோது அதையும் ஒன்றாக வைத்தார்கள். சேர மன்னர்கள் குட்டுவன் என்று பெயர் பூண்டதும் அந்தத் தொடர்பினால்தான்.

அந்த நாட்டின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் மலையிலிருந்து இறங்கி ஒரே காயலில் வந்து விழுகின்றன. காயலுக்கு மேற்கே ஒரு மெல்லிய மணல் திட்டு, அதற்கப்பால் அரபிக்கடல். வயல்களோ கடல் மட்டத்துக்கும் கீழே, பல இடங்களில் ஆளுயரத்துக்கும் மேலான ஆழத்தில் கிடக்கின்றன. சுற்றிலும் வரம்பு எழுப்பி, உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியே இறைத்த பிறகுதான் விதைக்க முடியும். தமிழில் புஞ்சை என்றால் வானம் பார்த்த மேட்டு நிலம். அங்கே அதே சொல் தண்ணீருக்குள்ளிருந்து மீட்ட வயலில் கார்த்திகை மார்கழி வாக்கில் விதைத்துப் பங்குனியில் அறுக்கும் நெல்லைக் குறிக்கிறது. ஒரு சொல் 200 கிலோமீட்டர் போவதற்குள் தலைகீழாகிவிட்டது! ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் இந்தப் பயிர்முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபு என்று ஏற்றுக்கொண்டது.

இப்படிப்பட்ட நாட்டில் முதலில் பெயர் சொல்லவேண்டியவர் நம் விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்த கேசவப்பிள்ளை. பின்னாளில் திருவிதாங்கூரின் திவானாகி ராஜா கேசவதாஸ் என்று பெயர் பெற்றவர். ஆலப்புழையில் துறைமுகம் அமைத்து, கட்ச், பம்பாய் முதலிய இடங்களிலிருந்து வணிகர்களை அழைத்துவந்து குடியேற்றி, காயலிலிருந்து துறைமுகம் வரை கால்வாய் வெட்டுவித்தார். மலையின் மிளகும் ஏலமும் வள்ளத்தில் ஏறிக் கால்வாய் வழியே கப்பலுக்குப் போயின. அந்த மனிதர் இறுதியில் அரண்மனைச் சூழ்ச்சிக்கு இரையாகிப் பதவி இழந்து 1799இல் மறைந்தார். அவர் வெட்டிய கால்வாய்கள் இன்றும் ஆலப்புழை நகரின் நடுவே கிடக்கின்றன. போகிறவர்கள் பாருங்கள், வெங்காயத்தாமரை மூடிக் கிடக்கும்.

அந்தத் துறைமுகத்தை நம்பி 1859இல் ஜேம்ஸ் டாரா என்னும் வெள்ளையர் அங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். தேங்காய் மட்டையைக் காயல் நீரில் ஊறப்போட்டு, பெண்கள் அடித்து நார் எடுத்து, கயிறு திரித்து, தறியில் பாய் நெய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழில் காயல் கரை முழுவதும் பரவியது. ஆயிரமாயிரம் அடுப்புகள் அதனால் எரிந்தன. மட்டை அடித்த பெண்களின் பெயரைக் கயிற்று வணிகத்தின் வரலாற்றில் நாம் எங்கும் கண்டதில்லை.

இனி நம் திருச்சபைக்கு வருவோம். 1805இல் அதே குட்டநாட்டில், கைநகரி என்ற தண்ணீர் சூழ்ந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. 2014ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட சாவரா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார்தாம் அவர். அவரைச் செபமாலையும் கையுமாகப் படத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அவர் கை வேறு பல வேலைகளையும் செய்தது. மன்னானத்தில் அச்சகம் வைக்க விரும்பினார். பணமில்லை, எந்திரம் கொடுப்பாரும் இல்லை. வாழைத்தண்டில் மாதிரி செய்து தச்சரிடம் காட்டி, மரத்தில் அச்சு எந்திரம் செய்யவைத்து 1846இல் அச்சடிக்கத் தொடங்கினார். அதே மன்னானத்தில் வடமொழிப் பள்ளி ஒன்றையும் நடத்தி, சாதி பாராமல் பிள்ளைகளைச் சேர்த்தார். 1864இல் விகார் ஜெனரல் என்ற அதிகாரத்தோடு ஒவ்வொரு கோயிலின் அருகிலும் ஒரு பள்ளிக்கூடம் எழவேண்டும் என்று பணித்தார். மலையாளத்தில் பள்ளி என்றால் கோயில். பள்ளியோடு பள்ளிக்கூடம் என்பது அங்கே இன்றும் பழமொழிபோல வழங்குகிறது.

பள்ளிக்கூடம் கட்டிவிட்டால் போதுமா? காயல் கரையில் புலையர், பறையர் வீட்டுப் பிள்ளை காலையில் பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி வீட்டுக்கு வராது, நண்பகலில் வயிறு காயும். அடிகளார் இதைக் கண்டார். மதியம் சோறு போட வழி செய்தார். சோற்றுக்கு அரிசி எங்கிருந்து வந்தது? பெருநிலக்காரர் ஒருவரிடம் போய்ப் பத்து மூட்டை கேட்டிருக்கலாம். அவர் கொடுத்துமிருப்பார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி இடுகிற தாய் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டுவைத்து, ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை ஏற்படுத்தினார். அதுதான் பிடியரிசி. கொடுக்கிற வீடுகளில் பல, தாமே குறைவாக உண்டவை. இந்த ஏற்பாட்டின் நுட்பம் நம்மை வியக்கவைக்கிறது. கொடையாளர் ஒருவர் மனம் மாறினாலும், கடை நொடித்தாலும், மகனுக்குச் சொத்துப் போனாலும் பள்ளிக்கூடத்துச் சோறு நின்றுவிடாது. ஆதரவற்ற முதியவர்களுக்காகக் கைநகரியிலேயே ஒரு தரும இல்லத்தை எழுப்பினார். அதைத் தாங்கியதும் ஊர்மக்களே. தம் சொந்த ஊர்க் குடும்பங்களுக்கென்று 1868இல் 'நல்ல அப்பனின் சாவருள்' என்ற சிறு நூலை எழுதினார். பிள்ளை வளர்ப்பு, வேலைக்காரருக்குக் கூலி, கடன், வழக்கு என்று வீட்டுக் காரியங்களைப் பேசுகிற நூல் அது. திருமணத்துக்கு ஆயத்தம் செய்யும் நம் இளைஞர்களுக்கு அதை வாசிக்கக் கொடுக்கலாம்.

அடுத்து வருபவர் ஒரு பெரு வணிகர், பெரு விவசாயி, நம் மறையைச் சேர்ந்தவர். காவாலத்தில் வாழ்ந்த ஜோசப் முரிக்கன், 1900இல் பிறந்தவர். அவருக்கு முன்பே பலர் காயலில் வரம்பு போட்டு வயல் எடுத்திருந்தனர். கொச்சித் துறைமுகம் தூர்ந்துவிடும் என்று அஞ்சிய அரசு 1903இல் அதைத் தடுத்தது. பத்தாண்டு கழித்துத் தடை நீங்கியது. ஆனால் முரிக்கன் இறங்கிய இடம் காயலின் நடு ஆழம். காலமோ இரண்டாம் உலகப் போர்க்காலம். பர்மா 1942இல் ஜப்பானியர் கைக்குப் போக, கப்பலில் வந்த பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் முழுவதும் மரச்சீனிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. அந்தக் கதையை நம் வீட்டுப் பாட்டிமார் எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள்! அத்தகைய நாளில் சித்திரைத் திருநாள் மன்னரின் அரசு அனுமதி கொடுக்க, முரிக்கன் சுமார் 1,900 ஏக்கர் நிலத்தைக் காயலிலிருந்து எடுத்தார். மூன்று வயல்களுக்கும் சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று அரச குடும்பத்தை ஒட்டிப் பெயரிட்டார். (மார்த்தாண்டம் என்றதும் நம் சந்தை நினைவுக்கு வருகிறதல்லவா? இது காயலுக்குள் இருக்கும் மார்த்தாண்டம்.) மக்கள் அவரைக் காயல் ராஜா என்றார்கள். கைப்பணத்தையும் கடன் பணத்தையும் தண்ணீரில் போட்டுவிட்டு, வரம்பு நிற்குமா என்று ஒவ்வொரு வெள்ளத்துக்கும் விழித்திருந்த அந்த மனிதரின் துணிவை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். பசித்த நாட்டுக்கு நெல் கொடுத்தார்.

ஆனால் வரம்பு எப்படி எழுந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். தென்னை மரத்தையும் மூங்கிலையும் இரண்டு வரிசையாகக் காயலின் அடிவரைக்கும் அறைந்து இறக்கவேண்டும். இடையே மணலும் தழையும் சேறும் மாறி மாறி நிரப்பவேண்டும். அந்தச் சேற்றுக் கட்டியை எடுக்க ஆள் மூச்சடக்கி அடியில் மூழ்கி, கையால் பெயர்த்துத் தலைக்கு மேல் தூக்கி வள்ளத்தில் இடவேண்டும். நாள் முழுவதும் இதே வேலை. மூழ்கியவர்கள் பெரும்பாலும் புலையர், பறையர். வரம்பு எழுந்தபின் தண்ணீர் இறைக்க மரச்சக்கரங்களில் வரிசையாக ஏறி அமர்ந்து இரவும் பகலும் மிதித்தவர்களும் அவர்களே. நீராவி எந்திரமும், பெட்டியும் பறையும் என்று சொல்லப்படும் இறைவையும் வந்தது பிற்பாடுதான். மடைவீழ்ச்சி, அதாவது வரம்பு உடைதல், நேர்ந்தால் உடைப்பில் குதித்து உடம்பால் அடைத்தவர்களும் உண்டு. வரம்பு நிற்க ஆளையே பலியிட்டுப் புதைத்தார்கள் என்ற பேச்சு அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நடந்ததோ இல்லையோ, ஒரு மக்கள் கூட்டம் அப்படி நம்பியது என்பதே போதுமான சாட்சியம். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. 'செம்மீன்' எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை, தம் ஊராகிய குட்டநாட்டின் இந்த உழைப்பாளிகளைப் பற்றி 1948இல் எழுதிய நாவலுக்கு 'ரண்டிடங்ஙழி', அதாவது இரண்டு படி என்று பெயர் வைத்தார். படியளவே ஒரு நூலின் பெயராயிற்று.

முரிக்கன் தம் வேலையாட்கள் திருப்பலி காணச் சித்திரா வயலின் வரம்போரம் ஒரு கோயிலும் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் இன்றும் தண்ணீருக்கும் நெல்லுக்கும் நடுவே நிற்கிறது. அங்கே மண்டியிட்டவர்களில் எத்தனை பேருக்குக் குடிசை நிற்கும் இடமாவது சொந்தமாயிருந்தது? இந்தக் கேள்வியைக் குருக்களாகிய நாம் அக்காலத்தில் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டவர்கள் வேறு ஆட்கள். ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வாடப்புறம் பாவா 1922இலேயே தொழிலாளர் சங்கம் கண்டார். 1938இல் கயிற்றுத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். வயல் தொழிலாளரும் சங்கமாயினர். 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் துப்பாக்கிக்கு முன் நின்று செத்தார்கள். அந்தச் சங்கங்களை வழிநடத்தியவர்களுள் டி. வி. தாமஸ் என்பவர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கம்யூனிஸ்ட் ஆனார், 1957இல் அமைச்சரும் ஆனார். அந்த அமைச்சரவை கொண்டுவந்த கல்விச் சட்டத்தையும் நிலச் சட்டத்தையும் எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் திருச்சபை முன்வரிசையில் நின்றது. 1959 ஜூலை 31ஆம் நாள் ஆட்சி கலைக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களைக் காக்க நின்றோம் என்பது உண்மை. நிலமில்லாதவர் கண்ணுக்கு நாம் நிலக்காரர் பக்கம் நின்றவர்களாகத் தெரிந்தோம் என்பதும் உண்மை.

நில உச்சவரம்புச் சட்டம் 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முரிக்கனின் காயல் வயல்கள் அரசின் கைக்குப் போய், தொழிலாளருக்குச் சிறு சிறு துண்டுகளாகப் பங்கிடப்பட்டன. முரிக்கன் 1974இல் இறந்தார். நீதி கிடைத்தது, கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். காயல் அப்படி விடவில்லை. வரம்பு ஒன்று, இறைக்கும் எந்திரம் ஒன்று, தண்ணீர் ஒன்று, உடைமையாளரோ நூற்றுக்கணக்கானவர். நாளை இறைக்கலாம் என்றார் ஒருவர், அடுத்த வாரம் என்றார் இன்னொருவர். வரம்பைப் பழுதுபார்க்க யார் பணம் போடுவது? தங்கள் துண்டை விற்றவர்கள் உண்டு, விட்டுப் போனவர்களும் உண்டு. அந்த வயல்களிற் சில ஆண்டுக்கணக்காகத் தண்ணீரில் மூழ்கித் தரிசாகக் கிடந்து, 2010க்குப் பிறகே மீண்டும் விளைச்சல் கண்டன. பழைய நிலக்காரர்கள் 'அன்றே சொன்னோமே' என்றார்கள். அந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. மண்ணைக் கொடுத்தவர்கள், அதை நிருவகிக்கும் பழக்கத்தைக் கூடவே கொடுக்கவில்லை. முரிக்கன் வயலில் எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்ற முடிவை ஒருவரே எடுத்தார். மூழ்கி மண் எடுத்தவனை அந்த முடிவுக்கு யாரும் அருகில் சேர்த்ததில்லை. திடீரென்று ஒருநாள் அது அவன் தலையில் வந்து விழுந்தது.

இன்று குட்டநாடு நிற்பது பாடசேகர சமிதிகளால்தான். ஒரே வரம்புக்குள் இருக்கும் வயல்களின் தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். அதில் பத்து சென்ட் உள்ளவரும் பத்து ஏக்கர் உள்ளவரும் ஒரே குழுவில் உட்கார்ந்து, என்று இறைப்பது, என்று விதைப்பது, எந்திரத்துக்கு யார் எவ்வளவு என்று தீர்மானிக்கிறார்கள். சண்டை நிறைய உண்டு. ஆயினும் உட்காருகிறார்கள்.

காயலின் கதையில் இன்னொரு வகுப்பார் விடுபட்டுப் போகக்கூடாது, மீனவர்கள். உப்பு நீர் வயலுக்குள் ஏறாதிருக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே அடைப்பணை கட்டினார்கள். கோடையில் அதை அடைத்துவைப்பார்கள். நெல்லுக்கு அது நன்மை. ஆனால் கடலிலிருந்து ஏறி வந்து வளரும் இறாலுக்கும் மீனுக்கும் வழி அடைபட்டது. உப்பில் சாகவேண்டிய வெங்காயத்தாமரை கொழுத்து வள்ளப்பாதையை மூடியது. உரமும் பூச்சிமருந்தும் ஓடிப்போக வழியின்றித் தேங்கின. விவசாயி அணையை மூடு என்கிறான், மீனவன் திற என்கிறான். இரு சாராரிலும் நம் மக்கள் இருக்கிறார்கள், இரு கரையிலும் கோயில் மணி அடிக்கிறது. கும்பகோணத்தில் பிறந்தாலும் குட்டநாட்டு மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்ட அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 2007இல் அவருடைய ஆய்வு நிறுவனத்தின் வாயிலாக ஒரு பெரிய திட்ட அறிக்கை கொடுத்தார். வயல், மீன், தண்ணீர் மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது அதன் போக்கு. அவர் 2023இல் மறைந்தார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இதற்கிடையே படகு வீடுகள் என்ற புதிய வணிகம் பெருகி, அதன் கழிவும் அதே காயலில் இறங்குகிறது.

2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். வரம்புகள் உடைந்து குட்டநாடு மூழ்கியபோது, அதற்கு முந்திய ஆண்டில்தான் ஓகிப் புயலில் தம் உற்றாரைக் கடலுக்குக் கொடுத்திருந்த கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, உள்நாட்டு மக்களைக் கூரையிலிருந்து இறக்கிக் காப்பாற்றினார்கள். எந்தத் தலைவரும் கட்டளையிடும் வரையில் அவர்கள் காத்திருக்கவில்லை. ஓகியில் நம் மாவட்டத்துக் கடற்கரை பட்ட பாட்டை அறிந்த உங்களுக்கு, அந்த மனிதர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். நம் கோயிலுக்குக் கிழக்கே கிடக்கும் ஏலாவும் ஒரு பாடசேகரம்தான். ஒரு குளம், ஒரு வாய்க்கால், பல பேர் நிலம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த அந்த ஏலாவில் இப்போது பாதிக்கு மேல் வாழையும் தென்னையும், வாய்க்கால் தலைப்பில் மனைக்கல்லும் நிற்கின்றன. மண் அடித்து உயர்த்தியவர்களில் நம் பங்கினரும் உண்டு. பெயர் சொல்லப்போவதில்லை, அஞ்சவேண்டாம். மேல்வயலில் ஒருவர் மண் அடித்ததும் கீழ்வயலில் ஐந்து பேர் தண்ணீரின்றி உழவை விட்டார்கள். இப்போது ஐப்பசி மழைக்கு அதே தண்ணீர் போக வழியில்லாமல் காலனி வீடுகளுக்குள் நுழைகிறது. மேடையில் இருக்கும் பெரியோர் கோயிலுக்கு மணிக்கூண்டு தந்தார்கள், அரங்கம் தந்தார்கள், நன்றி. அவர்களிடம் இன்னும் பணம் கேட்க நாம் இங்கே நிற்கவில்லை. அவர்களில் நான்கு பேருக்கு அந்த ஏலாவில் நிலம் இருக்கிறது என்பதனால் பேசுகிறோம்.

பொன்விழாச் செலவு போக மீந்த தொகையை வாய்க்கால் தூர்வார ஒதுக்கலாம் என்று பங்குப் பேரவை கொள்கையளவில் இசைந்திருக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது, யார் வரம்பை வெட்டி விலக்குவது, அடித்த மண்ணில் எவ்வளவு எடுப்பது என்பதைப் பேரவை தனியே தீர்மானிக்கக்கூடாது, நாமும் தீர்மானிக்கக்கூடாது. வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் புதிய அரங்கத்தில் கூடுவோம். ஏலாவில் நிலமுள்ள அனைவரும், எந்தச் சமயத்தவராயினும், வாருங்கள். நிலமில்லாமல் அங்கே நாற்று நட்டும் களை பறித்தும் அறுத்தும் வாழ்ந்த காலனிக் குடும்பங்களும், வெள்ளம் புகும் வீடுகளில் இருப்பவர்களும் கட்டாயம் வரவேண்டும். அவர்களுக்கென்று முன்வரிசை நாற்காலிகளை ஒதுக்கிவைக்கும்படி இளைஞர் இயக்கத்திடம் சொல்லியிருக்கிறோம். வாய்க்காலின் பழைய அளவு தெரிந்த மூத்தவர்கள் இருவர் மூவராவது நம்மோடு இருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களை அழைத்துவர ஆட்டோ ஏற்பாடாகியிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வரைபடத்தின் நகலும் வாங்கியாயிற்று. பத்து மணிக்குத் தொடங்குவோம்.